கடலூரிலிருந்து டிரவுட் ஓடைக்கு: தண்ணீரின் குளிரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

கேள்வி: ஐயா, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கெடிலத்திலும் உப்பனாற்றிலும் தூண்டில் போட்டுப் பழக்கம். கற்றுக்கொடுத்தவர் அப்பா. அவருக்கு இப்போது 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. பனிமலை ஓடையில் டிரவுட் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கு மார்ச் முதல் வாரத்திலோ கடைசி வாரத்திலோ ஏழெட்டு நாள் லீவு கிடைக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியிலேயே டிரவுட் இருக்கிறதாமே, அது போதுமா? இல்லை இமாச்சல், காஷ்மீர் என்று போக வேண்டுமா? முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு வைத்திருக்கும் ராடு சரிப்படுமா? பிடிக்கும் மீனை ஐஸ் போட்டு அம்மாவுக்குக் குழம்புக்குக் கொண்டுவரலாமா?

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் குலு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றுக்குப் போங்கள். இருக்கிற நாள் முழுவதும் அந்த ஒரே ஆற்றங்கரையில் தங்குங்கள். கொடுவா ராடை வீட்டில் வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழம்பு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூண்டில் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தருவதுதான் என் தொழில். புதுச்சேரியில் இருந்துகொண்டு செய்வதால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நம் கடற்கரைக்காரர்கள். அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, உப்பனாறு என்று உப்புத் தண்ணீரிலேயே கை பழகியவர்கள். நல்ல கைக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் மனதில் ஓடுவது ஏற்றவற்றக் கணக்கு. விடியலில் போக வேண்டும், ஏற்றம் திரும்பும்போது வீச வேண்டும், மீன் கூட்டமாக உள்ளே வரும். மலை ஓடையில் ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. அங்கே மீன் வாய் திறப்பதும் திறக்காததும் தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ராடு, எங்கே நிற்பது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20-ஐத் தாண்டினால் திணறும். 25-ஐ ஒட்டினால் பிழைப்பதே கடினம். ஆக்சிஜன்தான் இதில் முக்கியம். 5 டிகிரியில் இருக்கும் நன்னீர் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நம்மூர்க் குளத்துத் தண்ணீர் 28 டிகிரியில் 8 மில்லிகிராம்கூடத் தாங்காது. அதற்காகக் குளிர் கூடக் கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மீனின் உடம்புச் சூடு என்பது அது கிடக்கும் தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால் செரிமானம் மந்தமாகிவிடும். முன்பு தின்றதே வயிற்றில் கிடக்கும்போது புதிதாக ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடாது. மூக்குக்கு முன்னால் மெதுவாக வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். மார்ச் மாதத்து இமயமலை ஓடை இந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் இருக்கிறது. காலையில் ஒரு மாதிரி, மதியத்தில் வேறு மாதிரி.

அவலாஞ்சியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நீலகிரியில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட 1860-களிலேயே பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. 1900-களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் கொண்டுவந்த ரெயின்போ டிரவுட்தான் நிலைத்தது. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. ஆறாயிரம் அடிக்கு மேலே ஓடைகள் குளிர்ந்தே இருப்பதால் பிழைத்துக்கொண்டது. ஆனால் உங்கள் அப்பாவின் நெடுநாள் ஆசைக்கு, அதுவும் மார்ச்சில், அவலாஞ்சியை நம்பி நான் டிக்கெட் போட மாட்டேன். அந்த ஓடைகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. மேலே போனால் முக்குருத்தி தேசியப் பூங்கா வந்துவிடும். வனத்துறை வண்டியில் ஏறிச் சுற்றிப் பார்த்து வரலாம். எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாமல் ராடை எடுத்து நீட்டக்கூடாது. போதாததற்கு மார்ச் என்பது நீலகிரியில் காட்டுத்தீக் காலம். மழை நின்று மாதக்கணக்காகி ஓடை இளைத்திருக்கும், காட்டுப் பாதைகளில் கட்டுப்பாடும் இருக்கும். ஊட்டிக்கு வண்டி எடுத்துப் போனால் இ-பாஸ் வேறு வாங்க வேண்டும். அப்பா கேட்டது பனிமலை ஓடை. அதைக் கேட்டபடியே கொடுங்கள்.

காஷ்மீரில் டிரவுட் காலம் வழக்கமாக ஏப்ரல் 1-ல்தான் தொடங்குகிறது. லித்தர், கோக்கர்நாக் எல்லாம் அருமையான இடங்கள். உங்கள் லீவுக்குள் அடங்காது, விட்டுவிடுங்கள்.

இமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் ஆறுகளை மூடிவைக்கிறார்கள். மார்ச் 1 அன்று திறக்கிறார்கள். கடலூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அதே காரணம்தான் அங்கேயும், இனப்பெருக்கம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிரவுட் குளிர்காலத்தில் ஆற்றுப் படுகையின் கூழாங்கல்லை வாலால் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, கல்லைப் போட்டு மூடிவிடும். அந்தக் குளிரில் முட்டை பொரிய வாரக்கணக்கில் ஆகும். பொரிந்த பிறகும் குஞ்சு மஞ்சட்கருப் பையைச் சுமந்துகொண்டு கல்லுக்கு அடியிலேயே கிடக்கும். ஆகவே மார்ச்சில் ஆறு திறந்துவிட்டாலும் படுகைக்கு அடியில் குஞ்சுகள் இன்னும் இருக்கின்றன. சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து கருத்திருக்க, ஓர் இடத்தில் மட்டும் கூழாங்கல் வெளுத்துக் கழுவினாற்போல் தெரிந்தால் அங்கே கால் வைக்காதீர்கள். ஒரு மிதியில் எத்தனையோ குஞ்சு போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மார்ச்சில் என்னோடு வருகிறவர்களை நான் தண்ணீரில் இறங்கவிடுவதில்லை. கரையில் நின்று போடுங்கள், அப்பாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

சரி, மார்ச் முதல் வாரம் ஏன் வேண்டாம்? திறந்த முதல் வாரத்தில் கூட்டம் இருக்கும். அதைவிட முக்கியம், மீன் முட்டையிட்ட களைப்பு தீராமல் மெலிந்து கிடக்கும். தண்ணீரும் பனிக்கட்டிக்கு அடுத்த நிலையில் இருக்கும். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தங்களால் அந்த வாரங்களில் மழையோ பனியோ கொட்டுவது சாதாரணம். கடைசி வாரத்துக்குள் பகல் நீண்டிருக்கும், மதியத் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியாவது ஏறியிருக்கும், மீனும் கொஞ்சம் தேறியிருக்கும். மே மாதம் வரை தள்ளினாலும் கெடுதல்தான். மேலே பனி மொத்தமாக உருகத் தொடங்கினால் ஆறு பெருகிக் கலங்கிவிடும், போட்ட தூண்டில் மீனின் கண்ணிலேயே படாது. நம் கணக்கில் சொன்னால் பங்குனி நடு. ஒன்றே ஒன்று: ஹோலி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய விடுமுறை நாட்களில் மணாலி சாலை முழுக்க வண்டிதான்.

தீர்த்தனை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் உற்பத்தியாகி லார்ஜி அருகே பியாஸில் சேர்கிற ஆறு இது. அந்தப் பூங்கா 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் எல்லாம் நீர்மின் திட்டங்கள் வந்தபோது, தீர்த்தனில் வேண்டாம் என்று அந்த ஊர் மக்கள் நின்று போராடித் தடுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் டிரவுட்டும் ஒன்று. அதனால் இன்றும் அது தன் போக்கில் ஓடுகிறது. பாறை, மடு, சலசலப்பு, மறுபடி பாறை என்று கரையில் நின்றே போடத் தோதான ஆறு. நாகினி, குஷைனி பக்கம் ஆற்றை ஒட்டியே தங்கும் வீடுகள் இருக்கின்றன. உயரம் சுமார் 1,500 மீட்டர்தான். மூச்சுத் திணறும் உயரமல்ல, ஊட்டியைவிடத் தாழ்வு. பரோட்டில் ஊல் ஆறும் நல்லதுதான், பாஸ்பா, பப்பர் என்று இன்னும் பெயர்கள் சொல்லலாம். ஏழெட்டு நாளில் மூன்று ஆறு பார்த்தால் மூன்று ஆற்றின் சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு மடுவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அதில் மீன் எங்கே கிடக்கிறது என்று தெரியவரும். மூன்றாம் நாள்தான் ஆறு உங்களிடம் பேசத் தொடங்கும்.

2023 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு குலு மாவட்டத்து ஆறுகளில் மடுக்கள் இடம் மாறியிருக்கின்றன. பழைய வீடியோவில் பார்த்த இடம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் இரண்டு நாளாவது உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலி வீண் செலவே அல்ல. பெர்மிட் மாநில மீன்வளத் துறை தருவது, நாள் கணக்கில் கட்டணம். பெரிய தொகை இல்லை. அசல் அடையாள அட்டையோடு போய் வாங்கி, அதில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். எந்த எல்லைவரை போடலாம், எந்த வகைத் தூண்டில், நாளுக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஒரே பெர்மிட்டில் இரண்டு ராடு கூடாது. தேசியப் பூங்கா எல்லைக்குள் ராடோடு போகவே வேண்டாம்.

இப்போது ஒரு நாளைப் பார்ப்போம். கடற்கரைப் பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து ஆற்றங்கரைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். கலர் மீன் கடையில் கண்ணாடித் தொட்டிக்கு விற்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நூலில் கட்டி எடுத்துப் போங்கள். காலை எட்டு மணிக்குத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 5 அல்லது 6 காட்டும். நன்றாகச் சாப்பிட்டு, வெயிலில் உட்கார்ந்து, அப்பாவை மெதுவாக நடக்கவிட்டு, பதினொரு மணிக்குப் போய் மறுபடி பாருங்கள். 8-ஐத் தொட்டுவிட்டால் ராடை எடுக்கலாம். பதினொன்றிலிருந்து மூன்றரை வரைதான் உங்கள் நேரம். அந்தச் சூட்டில்தான் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகளும் அசையும், சில மேலே வந்து சிறகு விரிக்கும், மீனும் அவற்றைத் தேடி நகரும். மலை நிழல் ஆற்றின் மேல் விழுந்ததும் எல்லாம் அடங்கிவிடும். அப்பாவின் வயதுக்கு இதைவிட வசதியான நேரம் எது?

மீன் எங்கே கிடக்கும்? குளிர்ந்த தண்ணீரில் அது நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுழலும் இடம், மடுவின் ஆழமான வயிறு, வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிப் போகும் கோடு, வெயில் படும் கரையோரம். இங்கேதான் பாருங்கள். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிடும். எப்போதும் எதிர்நீச்சலாக முகத்தை மேல்நோக்கி வைத்துத்தான் நிற்கும். ஆகவே கீழேயிருந்து மேலே நடந்து போங்கள், அதன் வால் பக்கமாக. சட்டை பாறை நிறத்தில் இருக்கட்டும். கரை விளிம்பில் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பாறையை ஒட்டி நில்லுங்கள்.

கொடுவாவுக்கு வைத்திருக்கும் ராடு அங்கே உதவாது. முகத்துவாரத்தில் காற்றையும் ஈயத்தையும் தாண்டி வீசுவதற்கான ராடு அது. தீர்த்தனில் எட்டு மீட்டருக்கு மேல் வீச வேண்டிய இடம் குறைவு. ஆறு, ஆறரை அடியில் லேசான ஸ்பின்னிங் ராடு, அதற்கு 1000 அல்லது 2000 எண் ரீல், 6 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, 3 முதல் 5 கிராமில் சில ஸ்பின்னர்கள் (இழுக்கும்போது சுழலும் தகடு வைத்த செயற்கை இரை). இது போதும். ஸ்பின்னரில் வெள்ளி நிறம் இரண்டு, செம்பு நிறம் இரண்டு, கறுப்பு ஒன்று. ஓடையில் ஈ வடிவத் தூண்டில் போடும் ஃப்ளை ராடைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அழகான கலைதான், நான் மிகவும் விரும்புவது. ஆனால் கை படிய மாதங்கள் ஆகும். முதல் பயணத்தில் அப்பா நரம்புச் சிக்கலை அவிழ்த்துக்கொண்டு உட்காருவதை நான் விரும்பவில்லை.

ராடு வந்ததும் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எடுத்துப் போங்கள். ஸ்பின்னரின் முள்ளைக் குறடால் நறுக்கிவிட்டு, எட்டு மீட்டர் தள்ளி ஒரு முறத்தை வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து மணிக்கட்டால் மட்டும் சுண்டி அதில் விழ வைத்துப் பழகுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும், 3 கிராம் ஈடு கொடுக்காது. காலையில் செய்யுங்கள். பத்துக்கு ஐந்து முறத்தில் விழுந்தால் போதும், கிளம்பலாம்.

அங்கே போய்ச் செய்ய வேண்டியது இதுதான். பாறைக்குக் கொஞ்சம் மேலே, குறுக்காகப் போடுங்கள். விழுந்ததும் சுற்றாதீர்கள், இரண்டு எண்ணுங்கள், இறங்கட்டும். அப்புறம் தகடு சுழலுகிற அளவுக்கு மட்டும், அதற்கு மேல் துளியும் வேகமில்லாமல் சுற்றுங்கள். தகடு சுழலுவது ராடு வழியாக ஆள்காட்டி விரலுக்கு மெல்லிய அதிர்வாகத் தெரியும். அந்த அதிர்வுதான் உங்களுக்கு எல்லாம். கொடுவா அடித்தால் ராடைப் பிடுங்கும். குளிர்ந்த தண்ணீரில் டிரவுட் அப்படி அடிக்காது. அதிர்வு சட்டென்று நின்றுபோகும், ஏதோ ஈரத் துணியில் மாட்டியதுபோல் கனக்கும். அவ்வளவுதான் அறிகுறி. கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்துப் பலர் நரம்பைத் தளர்த்திவிடுவார்கள், மீன் துப்பிவிட்டுப் போய்விடும். அதிர்வு நின்றால் மணிக்கட்டை மெதுவாக உயர்த்துங்கள், வெட்டி இழுக்க வேண்டாம், வாய் மெல்லியது. மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை, அதாவது டிராக்கை, இளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முள்நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு முனையைக் கிளம்பும் முன்பே குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பை இளக்காமல் வைத்திருந்தால் மீன் கழன்று போகாது, கழற்றும்போது வாயும் கிழியாது. மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். கூடிய வரை தண்ணீருக்குள் வைத்தே கழற்றுங்கள். போட்டோ வேண்டும் என்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும். பிறகு முகம் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கத் தண்ணீரில் தாங்கிப் பிடியுங்கள், அதுவாக உதறிக்கொண்டு போகட்டும்.

உடம்பெல்லாம் பழுப்பு, பக்கவாட்டில் வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி என்றால் பிரவுன் டிரவுட். காஷ்மீரில் 1900-ல் வேரூன்றி, 1909 வாக்கில் குலுவுக்கு வந்தது. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடி, வாலில் கறுப்புப் புள்ளி இருந்தால் ரெயின்போ. இரண்டும் வந்தேறிகள். மண்ணின் மீன் ஒன்றும் அங்கே இருக்கிறது: வெள்ளிச் சாம்பல் நிறம், பொடிச் செதில், வாய் முகத்துக்கு அடியில் கல்லைச் சுரண்டத் தோதாக வளைந்திருக்கும். நம் கெண்டைக்குச் சொந்தக்காரன், பனி டிரவுட் என்று சொல்கிறார்கள். உலக அளவில் அழியும் ஆபத்துள்ளவை என்று பட்டியலிடப்பட்ட மீன். அது மாட்டினால் போட்டோவுக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே விட்டுவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் விஷயம். டாக்டரிடம் ஊரையும் உயரத்தையும் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குளிரில் ரத்த அழுத்தம் கூடும் என்பதால் மாத்திரை ஒருநாள்கூட விட்டுப்போகக்கூடாது. ஒரு பெரிய ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, பிடிமானமுள்ள ஷூ, ஒரு கைத்தடி. ஆற்றுப் பாறை காய்ந்திருப்பதுபோல் தெரியும், காலை நேரத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். அவர் உட்கார ஒரு மடக்கு நாற்காலியைத் தங்கும் வீட்டிலேயே கேட்டு வாங்கி ஆற்றோரம் போடுங்கள். உட்கார்ந்தே ஸ்பின்னர் போடலாம்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போகிற வழியில் ஔட் பக்கம் பியாஸ் நதி சாலையை ஒட்டி அழகாக, அமைதியாகக் கிடக்கும். இறங்கிக் கால் நனைக்கத் தோன்றும். அங்கே லார்ஜி அணை இருக்கிறது. 2014 ஜூன் 8 அன்று அந்த அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில், ஆற்றுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். சில நிமிடங்களில் நடந்து முடிந்தது. அணைக்குக் கீழே எந்த ஆற்றிலும் இறங்காதீர்கள், எவ்வளவு வற்றிக் கிடந்தாலும். தீர்த்தனிலும் மேலே மழை பெய்து தண்ணீர் நிறம் மாறினால் அந்த நொடியே ராடைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள்.

பயணத்துக்கு ரயில் வேண்டாம் என்பேன். சென்னையிலிருந்து டெல்லி போகவே ஒன்றரை நாள் ஆகிவிடும், அங்கிருந்து மலைச்சாலை வேறு. லீவில் பாதி போய்விடும். சென்னையிலிருந்து சண்டிகருக்கு விமானத்தில் போய், ஓர் இரவு தங்கி, காலையில் டாக்சி பிடியுங்கள். மண்டி தாண்டி ஔட் சுரங்கம் வரும், அதற்குள் நுழையாமல் முன்பே பிரிகிற சாலைதான் பஞ்சார் வழியாகத் தீர்த்தனுக்குப் போகிறது. அப்பாவால் ஒரே மூச்சில் உட்கார முடியாது என்றால் மண்டியில் ஒரு வேளை இறங்கி இளைப்பாறுங்கள். முள், ஸ்பின்னர், குறடு எல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். ராடு இரண்டாகவோ நான்காகவோ கழற்றக்கூடியதாக இருந்தால் பெட்டிக்குள்ளேயே போய்விடும், வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாகக் குழம்பு. ஆற்றில் பிடிக்கும் மீனை ஐஸ் போட்டுக் கடலூர் வரை கொண்டுவர வேண்டாம். மலையிலிருந்து இறங்கி, விமானம் ஏறி, சென்னையிலிருந்து காரில் வந்து சேர்வதற்குள் அதன் சதை குழைந்துவிடும், அம்மாவுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். தவிர, குளிர்நீரில் ஒரு டிரவுட் கையளவு வளரவே வருடங்கள் ஆகிறது. ஆற்று மீனை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். சாப்பிட ஆசை இருந்தால் பள்ளத்தாக்கிலேயே டிரவுட் பண்ணைகள் இருக்கின்றன, அன்றைக்குப் பிடித்த வளர்ப்பு மீன் கிடைக்கும். தங்கும் வீட்டில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். செதில் மிகப் பொடி, உரசத் தேவையில்லை. குடலை எடுத்துக் கழுவினால் போதும். புளிக்குழம்பில் போட்டால் அதன் சுவை காணாமல் போய்விடும். மென்மையான மீன் அது, வஞ்சிரம் மாதிரி மசாலாவைத் தாங்காது. உப்பு, மஞ்சள், புதிதாகத் தட்டிய மிளகு மட்டும் தடவித் தோலோடு வாட்டச் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். ஆற்றங்கரை வீட்டில் மூன்று பேருக்கு ஓர் அறை தாராளமாகப் போதும், டாக்சி வாடகையும் அதேதான்.